ஃப்ரீரைடு ஸ்கீ வாங்குறப்ப நல்லா ஓட்டத் தெரிஞ்சவய்ங்களே பண்ற தப்புங்க

போன நவம்பர்ல கே.புதூர்ல என் பங்காளி வீட்டுக்கு ஆளு உயரத்துக்கு மேல ஒரு பார்சல் வந்துச்சு. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்து "என்னப்பா, கர்ட்டன் கம்பியா"ன்னு கேட்டாங்க. பிரிச்சா உள்ள 118 எம்எம் அகலத்துல பனில சறுக்குற ஸ்கீ ஒரு ஜோடி. இவன் ஸ்கீ தெரியாத ஆளு கெடையாது, பன்னெண்டு சீசன் ஓட்டிருக்கான், என்னையவிட நல்லாவே ஓட்டுவான், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வீடியோ பாத்துட்டு ஆர்டர் போட்டா எப்பேர்ப்பட்டவனும் சறுக்குவான். பிப்ரவரில பத்து நாளு காஷ்மீர்ல குல்மார்க் போனோம். பவுடர், அதாவது புதுசா விழுந்த தூள் பனி, கெடச்சது ரெண்டு நாளு, அந்த ரெண்டு நாளும் ராஜா மாதிரி மிதந்தான். மிச்ச எட்டு நாளும் அந்த 118 கூட மல்லுக்கட்டி சாயங்காலம் முட்டிக்கு ஐஸ் வச்சுக்கிட்டு ரூம்ல உக்காந்திருந்தான்.

நான் ஜெனிவா பக்கம் ஏழு வருஷம் வேலை பாத்தேன், வீக்கெண்டு ஆனா வெர்பியே, ஷமோனின்னு கெளம்பிருவேன், அங்கயே இந்த தப்புல பாதிய என் காசுல பண்ணி முடிச்சாச்சு. இப்ப மதுரைல இருந்து நாலு பேரா வருஷம் ஒருக்கா குல்மார்க். அதனால இத புதுசா கத்துக்கிறவங்களுக்கு எழுதல, அவங்க வாடகைக்கு எடுத்தா போதும். நல்லா ஓட்டுறவங்களுக்குத்தான் எழுதுறேன், ஏன்னா கடைக்காரரும் இவருக்கு எல்லாம் தெரியும்னு பேசாம பில்ல போட்டுருவாரு.

மொத தப்பு அகலம். ஃப்ரீரைடுனா, அதாவது சமமாக்காத பனில ஓட்டுறதுனா, ஸ்கீ அகலமா இருக்கணும்னு எல்லாருக்கும் தெரியும், எம்புட்டுங்கறதுலதான் கோட்டை விடுறாய்ங்க. ஒரு கணக்கு சொல்றேன். சாதாரண ஆல்பைன் பூட்டு, அதாவது கால்ல போடுற ஸ்கீ ஷூ, அதோட முன்பக்க சோல் அகலம் ஏறக்குறைய 69 எம்எம். ஸ்கீயோட இடுப்பு, அதாவது நடுப் பாகத்தோட அகலம், 100 எம்எம்னா ஓரத்துல இருக்கற இரும்பு எட்ஜு பூட்டுக்கு வெளிய ஒவ்வொரு பக்கமும் 15 எம்எம் தள்ளி நிக்கும், 118னா 24 எம்எம்க்கு மேல. பஞ்சு மாதிரி பனில இதனால ஒண்ணும் இல்ல, கட்டிப் பனில எட்ஜ சாச்சு நிக்கிறப்ப அந்த 24 எம்எம் கடப்பாரையாட்டம் நெம்பி ஸ்கீய திரும்ப தட்டையாக்கப் பாக்கும், அத புடிச்சு நிறுத்துறது நம்ம கணுக்காலும் முட்டியும்தான். ஒரு தடவைன்னா தெரியாது, ஒரு நாளைக்கு ஆயிரம் திருப்பம்னா தெரியும்.

குல்மார்க்ல கோண்டோலாங்கற கேபிள் கார்ல ரெண்டாவது கட்டத்துல ஏறுனா 3,900 மீட்டருக்கு மேல கொண்டுபோய் விட்டுரும், பனி விழுந்த மறுநாள் காலைல கிண்ணம் மாதிரி இருக்கற அந்த சரிவு முழுக்க சொர்க்கம், மதியத்துக்குள்ள எல்லாரும் உழுது போட்டுருவாய்ங்க. அப்புறம் காத்து அடிச்சு மேல ஒரு ஓடு, வெயில் அடிச்சு இன்னொரு ஓடு. மார்ச்னா காலைல கண்ணாடி மாதிரி, மதியானம் கூழு. இம்புட்டுக்கும் சேத்து ஒரே ஒரு ஜோடிதான் மதுரைல இருந்து தூக்கிட்டுப் போகப்போறோம்னா 98ல இருந்து 108க்குள்ள நின்னுக்கங்க. நார்டிகா என்ஃபோர்சர் 104, சாலமன் க்யூஎஸ்டி 106, பிளிஸார்டு கோச்சீஸ் 106, வோல்கல் கட்டானா 108 எல்லாம் இந்த வரிசைதான், ஆனா நாலும் நாலு குணம். க்யூஎஸ்டி கொஞ்சம் மன்னிக்கும், கோச்சீஸும் கட்டானாவும் வேகம் கேக்கும், குடுக்கலன்னா மொறைக்கும். ரெண்டு ஜோடி வச்சுக்க வசதி இருந்தா 115க்கு மேல ஒண்ணு வாங்குங்க, நான் வேணாம்னு சொல்லல.

அடுத்தது நீளம். இதுல தெரிஞ்சவய்ங்க ரெண்டு பக்கமும் தப்பு பண்ணுவாய்ங்க. பாதிப் பேரு கத்துக்கிட்ட காலத்துல தாடை உயரம், மூக்கு உயரம்னு சொன்னத இன்னும் புடிச்சுக்கிட்டு இருக்காய்ங்க. அது கேம்பர் ஸ்கீக்கு, அதாவது நடுவுல வில்லு மாதிரி மேல வளைஞ்ச ஸ்கீக்கு, சமமாக்குன தளத்துல ஓட்டுறதுக்கு சொன்னது. ஃப்ரீரைடு ஸ்கீல முன்னாடியும் பின்னாடியும் ராக்கர், அதாவது நுனி மேல தூக்கிக்கிட்டு நிக்கும், கட்டிப் பனில நடுவுல இருக்கற பாகம் மட்டும்தான் தரையத் தொடும். 184 சென்டிமீட்டர்னு எழுதிருக்கும், காலுக்கு அதவிட சின்னதாத்தான் தெரியும். அஞ்சடி ஏழு அங்குலம், 66 கிலோ ஆளான நான் 172ல ஆரம்பிச்சு இப்ப 180ல நிக்கிறேன், 172ல வேகமா போனா முன்பக்கம் மீன் மாதிரி துள்ளும். இன்னொரு பாதிப் பேரு வீம்புக்கு 192 வாங்குவாய்ங்க. மேல திறந்த சரிவுல அது அருமைதான், கீழ பாபா ரேஷி பக்கம் மரத்துக்கு நடுவுல எறங்குறப்ப தெரியும், தேவதாருவுக்கு நம்ம சீனியாரிட்டி எல்லாம் தெரியாது. இன்னொண்ணு, ஒரு கம்பெனி 184ங்கறது இன்னொரு கம்பெனிக்கு 182ஆ இருக்கும், சிலர் நேரா டேப்பு புடிப்பாங்க, சிலர் வளைவோட சேத்து அளப்பாங்க. முடிஞ்சா நீங்களே ஒரு டேப்ப வச்சு அளந்துருங்க.

இப்ப முக்கியமான விஷயம், பவர். பவர்ஃபுல் ஸ்கீன்னா வெறப்பா இருக்கணும்னு நெனச்சு கடைல நுனிய ஒரு கைல புடிச்சு நடுவுல உள்ளங்கைய வச்சு அமுக்கிப் பாத்து தலையாட்டுவாய்ங்க, நானும் ஆட்டிருக்கேன். அதுல நீளவாக்குல எம்புட்டு வளையுதுன்னு மட்டும்தான் தெரியும். முறுக்குனா எப்படி நிக்கும்ங்கறது தெரியாது, எட்ஜு பிடிக்கிறதே அத வச்சுத்தான். அதிர்வ எம்புட்டு முழுங்குங்கறதும் தெரியாது.

அதிர்வுக்கு நம்ம ஊரு உதாரணம் இருக்கு. மேலூர் தாண்டி நாலு வழிச்சாலைல எண்பதுல லேசான ஸ்கூட்டர்ல போங்க, பக்கத்துல ஒரு ஆம்னி பஸ் கடந்தா வண்டி அப்படியே ஆடும். அதே எடத்துல புல்லட்ல போங்க, ஒண்ணும் ஆவாது, ஆனா அந்த புல்லட்ட புதுமண்டபம் சந்துக்குள்ள திருப்பிப் பாருங்க. ஸ்கீலயும் அதேதான். உழுது போட்ட பனில அம்பது அறுபதுல போறப்ப ஒவ்வொரு கட்டியும் காலுக்கு வந்து சேராம இருக்கணும்னா எடை வேணும். ஒரு ஸ்கீ 2 கிலோவுக்கு மேல, 2.3 வரைக்கும் இருந்தா பயப்படாதீங்க. கார்பன் போட்ட 1.6 கிலோ ஸ்கீய கடைல தூக்கிப் பாத்து "ஆஹா பூ மாதிரி இருக்கே"ன்னு வாங்குறதுதான் நான் பாத்த தப்புலயே அதிகம் நடக்கற தப்பு. அது ஸ்கீ அடில வழுக்காம இருக்க தோல் ஒட்டி மணிக்கணக்கா ஏறுறவங்களுக்கு செஞ்சது. கோண்டோலால ஏறி, மேல முகட்டுல அரை மணி நேரம் தோள்ல வச்சு நடந்துட்டு நாள் முழுக்க எறங்குற ஆளு அந்த அரை மணி நேரத்துக்காக ஸ்கீய தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த உயரத்துல மூச்சு வாங்கத்தான் செய்யும், ரெண்டு தடவ நின்னு போங்க.

டைட்டானல் பத்தி ஒரு வார்த்தை. பேருல டிஐன்னு போட்டிருந்தா டைட்டானியம்னு நெனச்சுக்கறாய்ங்க. அது அலுமினியக் கலவை, ஆஸ்திரியால ஆமாக்ங்கற கம்பெனியோட வியாபாரப் பேரு. மரக்கட்டை கோருக்கு மேலயும் கீழயும் மெல்லிசா தகடா ஒட்டுவாங்க, ஸ்கீக்கு அமைதியும் முறுக்குக்கு நிக்கிற பலமும் அதுலதான் வருது. ரெண்டு முழுத் தகடு போட்டதும் இருக்கு, காலுக்கு அடில மட்டும் ஒரு துண்டு போட்டதும் இருக்கு, ரெண்டு மேலயும் டிஐன்னுதான் எழுதிருக்கும். எத்தன தகடு, எங்க வரைக்கும்னு கேட்டு வாங்குங்க.

கேட்டுட்டு ஒடம்ப பாத்துக்கங்க. ரிவியூ சொல்றவரு ஆறடி, 88 கிலோ, அவருக்கு "கொஞ்சம் மெத்துன்னு இருக்கு"ன்னு தோணுற ஸ்கீ நம்ம 65 கிலோ ஆளுக்கு அளவா இருக்கும். அவரு "அடேங்கப்பா, சூப்பர் பவர்"னு சொன்னா நமக்கு அது வளையவே வளையாத பலகை. வளையலன்னா திரும்பாது, திரும்பலன்னா பின்னாடி சாஞ்சு உக்காருவோம், அதோட தொடை முடிஞ்சுது. நான் எந்த ரிவியூ பாத்தாலும் மொதல்ல தேடுறது ஓட்டுனவரோட எடைதான், அத சொல்லலன்னா மூடிட்டு போயிருவேன். திருப்ப ரேடியஸும், அதாவது ஸ்கீ சாஞ்சா போடுற வட்டத்தோட அளவும், இதுலயே வருது, 24 மீட்டர்னு எழுதுன ஸ்கீ மெதுவா போற ஆளுக்கு நேராத்தான் போகும், பெரும்பாலான ஆளுக்கு 17ல இருந்து 20 போதும்.

செகண்ட் ஹேண்டு வாங்குறவங்க கவனிங்க. மொத விஷயம் பேர நம்பாதீங்க. வோல்கல் மேன்ட்ரான்னு ஒரு ஸ்கீ, ரொம்ப காலமா இருக்கு, நடுவுல சில வருஷம் 100 எம்எம்ல முழு ராக்கரா இருந்துச்சு, அப்புறம் எம்5னு வந்தப்ப 96க்கு எறக்கி காலுக்கு அடில கேம்பர திரும்ப கொண்டுவந்துட்டாங்க. பேரு ஒண்ணு, ஓட்டுறது வேற.

ரெண்டாவது விஷயம் ஓட்டை. இது நான் பட்டது. பழைய ஸ்கீ ஒண்ணு வாங்கி ஒரு கடைல பைண்டிங், அதாவது பூட்ட ஸ்கீல புடிச்சு வைக்கிற கொக்கி, மாட்டக் குடுத்தேன், ஊரும் பேரும் வேணாம். தகடு இல்லாத ஸ்கீக்கு 3.5 இல்ல 3.6 எம்எம் துரப்பணம், தகடு உள்ளதுக்கு 4.1. அந்தத் தம்பி எல்லாத்துக்கும் ஒரே பிட்டு வச்சிருந்தான். சின்ன ஓட்டைல ஸ்க்ரூவ ஏத்துனதும் தகடு போக எடமில்லாம மேல பிதுங்கி, ஒவ்வொரு ஸ்க்ரூவ சுத்தியும் டாப்ஷீட்டு பணியாரம் மாதிரி உப்பிக்கிச்சு. பைண்டிங் தட்டு சரியா உக்காரல, ரெண்டாவது நாளு முன்பக்கம் ஆட ஆரம்பிச்சுருச்சு. பழைய ஓட்டைக்கும் புது ஓட்டைக்கும் நடுவுல ஒரு சென்டிமீட்டராவது கெட்டியா மரம் இருக்கணும், ரெண்டு தடவைக்கு மேல மாட்டுன ஸ்கீன்னா எம்புட்டு வெல கொறச்சாலும் நான் தொடமாட்டேன். எங்க மாட்டணும்ங்கறதுக்கு கம்பெனி போட்ட கோடு இருக்கும், ஒரு சீசன் அதுல ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் முன்ன பின்ன நகத்துற யோசனைக்குப் போங்க.

பைண்டிங்ல வீம்பு வேணாம். பூட்ட எம்புட்டு விசைல விடணும்ங்கற டிஐஎன் எண் 16 வரைக்கும் போற பைண்டிங் மாட்டுனா பெரிய ஆளுன்னு அர்த்தம் கெடையாது. உங்க எடை, உயரம், வயசு, பூட் சோல் நீளம், ஓட்டுற விதம் எல்லாம் சேத்து டிஐஎன் 7 வருதுன்னா மார்க்கர் க்ரிஃபன் மாதிரி 4ல இருந்து 13 வரைக்கும் உள்ளதுல அது நடுவாந்தரமா உக்காரும், 6ல இருந்து 16 உள்ள ஜெஸ்டர்ல அடிமட்டத்துல நிக்கும். பைண்டிங்ல இருக்கற பிரேக்கும் ஸ்கீ இடுப்ப விட அகலமா இருக்கணும், ஆனா 15 எம்எம்க்கு மேல கூடுனா சாயுறப்ப பனில இழுக்கும். பூட்டுல நடக்க வசதியா வளைஞ்ச க்ரிப்வாக் சோல்னா பைண்டிங் அத ஏத்துக்குதான்னு பாத்துட்டு காசக் குடுங்க. பூட்டே தொளதொளன்னு இருந்தா இவ்வளவு நேரம் நான் எழுதுனது எல்லாம் வீண், வெறப்பான ஸ்கீய மெத்துன்னு இருக்கற பூட்டு திருப்பாது.

ஸ்கீக்கே பட்ஜெட்ட முழுசா கொட்டிட்டு பனிச்சரிவுல பொதைஞ்சவங்கள தேடுற ட்ரான்சீவர், தோண்டுற ஷவல், குத்திப் பாக்குற ப்ரோப் இல்லாம வர்ற ஆளுங்களையும் பாக்கறேன். 2024 பிப்ரவரில குல்மார்க் பனிச்சரிவுல ஒரு வெளிநாட்டு ஸ்கீயர் செத்துப்போனாரு. ஒரு மாடல் கீழ எறங்கி வாங்குங்க, இந்த மூணையும் சேத்து வாங்குங்க, அத எடுத்து தேடவும் பழகுங்க.

அப்புறம் நம்ம ஊரு பிரச்சினை, வருஷத்துல பதினோரு மாசம் ஸ்கீ மதுரைலதான் கெடக்கும். மொட்டமாடி ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுல போட்டா சித்திரை வெயில்ல ஒட்டுப் பசையெல்லாம் என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க. வீட்டுக்குள்ள, வெயில் படாத சுவரோரமா, ரெண்டையும் இறுக்கிக் கட்டாம வைங்க. திரும்பி வந்ததும் தொடச்சு, அடில தடிமனா மெழுகு தேய்ச்சு சொரண்டாம அப்படியே விடுங்க, எட்ஜு மேலயும் வழிய விடுங்க, ஐப்பசி ஈரத்துல துரு புடிக்காது. பழைய இஸ்திரிப் பெட்டி போதும், புகை வந்தா சூடு ஜாஸ்தி. எங்க குரூப்புல ஒருத்தன் எட்ஜு மழுங்கிருச்சுன்னு தெருவுல வந்த கத்தி சாணக்காரர்கிட்ட குடுத்துட்டான். அவரு பாவம், அருவாளுக்கு புடிக்கிற மாதிரியே தீப்பொறி பறக்க புடிச்சுக் குடுத்தாரு. எட்ஜு நீலம் பாஞ்சு, அங்கங்க அலை அலையா போயிருச்சு. கைல புடிக்கிற ஃபைல் கைடு ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க, அடிப்பக்கம் 1 டிகிரி, பக்கவாட்டு 2 டிகிரி. புது ஸ்கீன்னா நுனில ராக்கர் பாகத்துல கூர லேசா மழுக்கிருங்க, இல்லன்னா பவுடர்ல கொக்கி போட்டு இழுக்கும்.

பங்காளி இந்த வருஷம் 104க்கு மாறிட்டான், ஜனவரில கெளம்புறோம். அந்த 118 இப்ப அவன் வீட்டுப் பரண்ல கெடக்கு, அக்கா கேட்ட கர்ட்டன் கம்பிக்குக் கூட ஆகல. ஒரே ஒரு தடவதான் மாட்டுனது, 4.1 பிட்டுதான், நானே பக்கத்துல நின்னு பாத்தேன்.