வரிக் குறைப்பும் உழைப்பும்: மாதிரி எங்கே சறுக்கும்?

2025 ஏப்ரலில் இலங்கையில் வருமான வரி விலக்கெல்லை மாதம் 100,000 ரூபாயிலிருந்து 150,000 ஆனது. இதனால் ஆட்கள் கூடுதலாக உழைப்பார்களா என்று பார்க்க மைக்ரோசிமுலேஷன் என்ற கணினி மாதிரி நல்ல கருவிதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பழைய விதிப்படி கையில் எவ்வளவு, புதிய விதிப்படி எவ்வளவு என்று அது கணக்குப் போடும். கணக்கு பெரும்பாலும் பிழைக்காது. பிழைப்பது அதற்குப் பிறகு.

கொழும்பில் மாதம் 200,000 ரூபாய் சம்பளம் எடுப்பவரைப் பாருங்கள். 2023 விதியில் அவருக்கு வரி 10,500, இப்போது 3,000. மிச்சம் 7,500. 400,000 எடுப்பவருக்கோ 70,500 ஆக இருந்தது 50,000 ஆகிறது, மிச்சம் 20,500. அவருக்குத்தானே லாபம் அதிகம், அவர்தான் கூடுதலாக உழைப்பார் என்று எழுதிவிடுவது மிகப் பரவலான தவறு. இன்னும் ஒரு மணித்தியாலம் உழைக்கலாமா என்பதைத் தீர்மானிப்பது கடைசி ரூபாயில் போகும் வரி, அதாவது எல்லை வரி வீதம். 200,000 காரருக்கு அது 18 வீதத்திலிருந்து 6 ஆக இறங்கியது. 400,000 காரருக்கு அன்றும் 36, இன்றும் 36. அவர் கையில் சேர்ந்தது வெறும் வருமானம். அதை வைத்துக்கொண்டு அவர் ஓவர்டைமை விடவும் கூடும்.

அப்புறம் தரவு. 2019 வீட்டு வருமான செலவின அளவீட்டை எடுத்து எல்லா வருமானத்தையும் ஒரே எண்ணால் பெருக்கிவிடுகிறார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்தது. அரச ஊழியரின் சம்பளமும் புறக்கோட்டைக் கடைக்காரரின் வருமானமும் ஒரே வேகத்தில் ஏறவில்லை. பெரும் பணக்காரர்கள் இத்தகைய அளவீடுகளில் அரிதாகவே சிக்குவார்கள். ஆகவே மாதிரி தரும் மொத்த வரியை இறைவரித் திணைக்களத்தின் வசூலோடு ஒப்பிடாமல் ஆட்கள் உழைப்பை எப்படி மாற்றுவார்கள் என்று கணிக்கும் நடத்தைப் பகுதிக்குள் இறங்கக் கூடாது.

முச்சக்கர வண்டி ஓட்டுபவருக்கும் சம்பளத்திலேயே வரி கழிவதாக வைப்பது இன்னொரு தவறு. வேலைக்குப் போகாத பெண்களுக்கு, போகிற பெண்களின் சராசரிக் கூலியை அப்படியே ஒட்டுவதும் சரியல்ல. இங்கே வரி ஆளுக்கு ஆள் தனித்தனி. கணவனின் வரி குறைந்தால் மனைவியின் வீதம் மாறாது, வீட்டு வருமானம்தான் மாறும். பிள்ளையைப் பார்க்க யாருமில்லை என்பது மாதிரியில் இல்லாவிட்டால், மனைவி வேலைக்குப் போகாததை 'ஓய்வு விருப்பம்' என்று அது எழுதிவிடும்.

நேரத் தெரிவும் அப்படித்தான். வாரம் 10, 20, 30 மணித்தியாலம் என்று பட்டியல் போடுகிறோம். அலுவலகத்தில் கிடைப்பது முழுநேரம் அல்லது ஒன்றுமில்லை. மருத்துவருக்கோ மென்பொருள் பொறியியலாளருக்கோ மூன்றாவது தெரிவு ஒன்று உண்டு: கட்டுநாயக்க விமான நிலையம், அதாவது வெளிநாடு போய்விடுவது. 2023 வரி உயர்வை ஆராய்பவர் அதை விட்டால், மணித்தியாலங்கள் அசையவில்லை என்று நிம்மதியாக முடிவெழுதுவார்.