புது எஃப்பிஎஸ் கேம் (பாத்திரத்தின் கண் வழியே பார்த்துச் சுடும் கேம்) வாங்கினால் முதல் 2 மணி நேரத்தில் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கிய கேமை 14 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால். யூட்யூப் விமர்சனங்கள் பெரும்பாலும் விலை உயர்ந்த கணினியில், நல்ல லைனில் எடுத்தவை. பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த ஃபைபரில் அதே கேம் எப்படி ஓடும் என்பதை அந்த 2 மணி நேரத்தில் நீங்களே சோதித்தால்தான் உண்டு. குறை என்று தெரிவது கேமுடையதா, கணினியுடையதா, லைனுடையதா என்று பிரிப்பதுதான் இதில் பாதி வேலை.

படி 1: காசு கட்டும் முன்

விண்டோஸ் தேடலில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தட்டித் திறங்கள். 'பயாஸ் மோட்' (பயாஸ் என்பது கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) என்ற வரியில் யூஇஎஃப்ஐ என்றும், 'செக்யூர் பூட் ஸ்டேட்' (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் பாதுகாப்பு) என்ற வரியில் ஆன் என்றும் இருக்க வேண்டும். 2025 அக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்டு 6 செக்யூர் பூட் இல்லாமல் ஓடாது. விண்டோஸ் 11-இல் வாலரண்ட் கேமும் இதைக் கேட்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய கணினியில் லெகசி என்று காட்டினால், அவசரப்பட்டு பயாஸுக்குள் போய் யூஇஎஃப்ஐக்கு மாற்றிவிடாதீர்கள். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகிர்வு முறையில் இருந்தால் அதன்பிறகு விண்டோஸே பூட் ஆகாது. ஃபைல்களை பேக்கப் எடுத்து, டிஸ்க்கை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றிய பிறகுதான் பயாஸில் கை வைக்க வேண்டும்.

அளவையும் பாருங்கள். 100 ஜிபி கேம் 40 எம்பிபிஎஸ் லைனில் இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும். தினம் 1.5 ஜிபி மொபைல் பேக்கை நம்பினால் இரண்டு மாதத்துக்கு மேல்! டவுன்லோடு நேரம் அந்த 2 மணி நேரக் கணக்கில் வராது.

படி 2: ஃப்ரேம்

முதல் முறை திறந்ததும் ஷேடர் (படம் வரைய கிராஃபிக்ஸ் கார்டுக்கான சிறு புரோகிராம்கள்) கம்பைல் ஆகும். அது முடியும்வரை மேட்சுக்குள் போகாதீர்கள், போனால் ஒவ்வொரு புது வெடிப்புக்கும் படம் திக்கும். கேம் திறந்திருப்பதால் இந்த நேரமும் கணக்கில் சேரும் என்பது எரிச்சல்தான்.

பிறகு சராசரி எஃப்பிஎஸ்ஸை (இங்கே நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு) விட்டுவிட்டு, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆகும் நேரத்தைக் காட்டும் ஃப்ரேம் டைம் கிராஃபைப் பாருங்கள். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். கோடு 16-17-இல் தட்டையாக ஓடினால் நல்லது. நடுநடுவே 50-க்குத் தாவினால் சராசரி 90 காட்டினாலும் கை தடுமாறும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் படுத்தால் கேமைத் திட்டாதீர்கள்: லேப்டாப் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. தர்மபுரியின் ஏப்ரல், மே மதியத்தில் இது சகஜம். பின்பக்கத்தைத் தூக்கி வைத்து, எஃப்பிஎஸ்ஸுக்கு 60 என வரம்பு வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

படி 3: துப்பாக்கி

பயிற்சி மைதானத்தில் ஒரு சுவருக்கு எதிரே சுமார் 10 மீட்டர் தள்ளி நின்று, மவுஸை அசைக்காமல் ஒரு மேகசின் முழுவதையும் சுடுங்கள். குண்டு அடையாளங்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இதையே மூன்று முறை செய்து படங்களை ஒப்பிடுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே வடிவம் என்றால் ரீகாயிலை (சுடும்போது துப்பாக்கி உதைப்பதை) பழகி அடக்கலாம். கவுன்டர் ஸ்ட்ரைக்கின் ஏகே-47 அப்படிப்பட்டது. ஒவ்வொரு முறையும் வேறு திசையில் சிதறினால், எவ்வளவு பழகினாலும் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. போட்டி மனசோடு ஆடுபவருக்கு இது பெரிய குறை. பொழுதுபோக்குக்கு ஆடுபவர் கண்டுகொள்ளவே மாட்டார்.

அடுத்து, ஆளை வீழ்த்த எத்தனை குண்டு என்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு 600 குண்டு சுடும் துப்பாக்கியில் குண்டுக்குக் குண்டு 100 மில்லிசெகண்ட் இடைவெளி. நான்கு குண்டில் ஆள் விழுந்தால் 300 மில்லிசெகண்ட்தான், முதல் குண்டுக்குக் காத்திருப்பு இல்லையே. இவ்வளவு வேகமான கேமில் 100 மில்லிசெகண்டைத் தொடும் பிங்கோடு (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) போனால், எதிரியைப் பார்த்த கையோடு செத்துக் கிடப்பீர்கள்.

படி 4: லைன்

அதிகம் ஏமாறுவது இங்கேதான். கமாண்ட் விண்டோ இரண்டு திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்றில் 8.8.8.8-க்கும் (கூகுளின் சர்வர்) நிற்காமல் பிங் (ping -t) ஓட விட்டு ஒரு மேட்ச் ஆடுங்கள். ரவுட்டர் பிங்கே 1-இலிருந்து 80-க்குக் குதித்தால் வைஃபை சரியில்லை, லேன் கேபிள் போடுங்கள். ரவுட்டர் அசையாமல் இருந்து 8.8.8.8 மட்டும் குதித்தால் கேபிள்காரர் பக்கம் நெரிசல். இரவு 8 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். இரண்டும் நிதானமாக இருந்து கேமுக்குள் மட்டும் ஆட்கள் இடம் தாவினால், சென்னையிலும் மும்பையிலும் சர்வர் உள்ள கவுன்டர் ஸ்ட்ரைக் 2-ஐ ஒரு மேட்ச் ஆடிப் பாருங்கள், இலவசம்தான். அதுவும் சரியாக ஓடினால் புது கேமின் சர்வரையே குறை சொல்லலாம். அதன் சர்வர் பட்டியலில் இந்தியாவே இல்லாமல் சிங்கப்பூரில் தொடங்கினால், கிருஷ்ணகிரியில் எந்த லைன் போட்டாலும் அந்தத் தூரம் குறையாது.

படி 5: சத்தம், ஆட்கள்

ஹெட்ஃபோன் போட்டு, நண்பரை உங்களைச் சுற்றி நடக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேளுங்கள். முன்னா பின்னா என்று குழம்பினால், விண்டோஸ் சரவுண்டும் கேமின் 3டி ஒலியும் ஒன்றாக ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை அணைத்த பிறகும் குழம்பினால் அது கேமின் குறை.

ஞாயிறு இரவிலேயே மேட்ச் கிடைக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால், இந்தப் பகுதியில் ஆள் குறைவு. வார நாளில் இன்னும் மோசமாகும்.

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நிறுத்துங்கள், மெனுவில் சும்மா விட்டு வைத்தாலும் மீட்டர் ஓடும். பிடிக்கவில்லை என்றால் ஸ்டீம் சப்போர்ட்டில் 'பர்ச்சேஸஸ்' பகுதியில் கேமைத் தேர்ந்தெடுத்து ரீஃபண்ட் கேளுங்கள். குறை வைஃபையிலோ கேபிள்காரரிடமோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்து, மிச்சமிருக்கும் 15 நிமிடத்தில் ஒரு மேட்ச் ஆடிவிட்டு முடிவெடுங்கள். 14 நாள் கெடு மட்டும் தாண்டிவிடக் கூடாது.