முதலில் ரதம் நகரட்டும்: மாணவர் கேம் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேம் செய்யக் கிளம்பும் மாணவர்களிடம் முதல் கூட்டத்திலேயே கதை, பெயர், லோகோ எல்லாம் தயாராக இருக்கும். ஆடுபவர் எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மற்ற தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

பினாங்கில் ஒரு குழு இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தைப்பூசத்தை எடுத்துக்கொண்டது. பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் வெள்ளி ரதம் போக வேண்டும். வழியெல்லாம் சிதறு தேங்காய். அருமையான கரு. ஆனால் திட்டத்தில் ஜார்ஜ்டவுன் நகரம் முழுவதும் முப்பரிமாணத்தில் இருந்தது. நால்வர் ஆன்லைனில் சேர்ந்து ஆடும் வசதியும் இருந்தது. 2020இல் கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் ஸ்டுடியோ ‘நோ ஸ்டிரெயிட் ரோட்ஸ்’ கேமை வெளியிட்டதைப் பார்த்து நம் ஊரிலும் முடியும் என்று நம்புவது நியாயம்தான். ஆனால் அது அனுபவசாலிகள் முழுநேர வேலையாகச் செய்தது. நீங்களோ மற்ற பாடங்களின் அசைன்மென்டுக்கு நடுவே செய்கிறீர்கள்.

இடைக்கால மதிப்பீட்டில் கோபுரத்துச் சிலைகள் ஒவ்வொன்றும் மின்னின. மெனுவுக்கு இசை இருந்தது. ரதம் மட்டும் நகரவில்லை.

பிறகு அவர்கள் செய்ததை முதல் வாரத்திலேயே செய்திருக்கலாம்: ரதத்துக்குப் பதில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, தேங்காய்க்குப் பதில் உருண்டைகள். ஆடிப் பார்த்ததும் இரண்டு விஷயம் தெரிந்துபோனது. ரதத்தை ஓட்டுவதில் சுவாரசியமே இல்லை. வெறுங்காலோடு நடக்கும் பக்தர்கள் வருவதற்குள் தேங்காய்ச் சில்லுகளை அள்ளி ஒதுக்குவதில் நல்ல பரபரப்பு இருந்தது. கேம் அங்கேதான் கிடைத்தது. அழகான கோபுரத்தை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அது கடைசி வரை தெரிந்திருக்காது.

அடுத்தது தமிழ் எழுத்து. நம் பிள்ளைகள் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. கேம் செய்ய உதவும் மென்பொருளை எஞ்சின் என்பார்கள். யூனிட்டி என்ற எஞ்சினில் எழுத்தைக் காட்டப் பெரும்பாலோர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ்புரோ, இந்திய எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலையைத் தானாகச் செய்வதில்லை. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ‘த’வுக்குப் பின்னால்தான் ஏகாரக் குறி சேமிக்கப்படுகிறது, திரையில் அதை முன்னால் கொண்டுவருவது எழுத்து வடிவமைப்பு மென்பொருளின் பொறுப்பு. அது இல்லாவிட்டால் ‘தேங்காய்’ என்பதில் கொம்பு இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். எழுத்துருவை மாற்றிக்கொண்டே இருந்தால் இது சரியாகாது. 2023இல் வந்த கோடோ 4 எஞ்சின், ஹார்ஃப்பஸ் என்ற வடிவமைப்பு நிரலோடு வருவதால் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தாலே ஒழுங்காகக் காட்டுகிறது. ஆகவே எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆறையும் திரையில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வசனத்தையும் படமாக வரைந்து ஒட்டும் குறுக்குவழி வேண்டாம். ஒரு சொல்லைத் திருத்த ஓவியரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

கோப்புகளை வாட்ஸ்அப்பிலும் கூகுள் டிரைவிலும் ‘ஃபைனல்’, ‘உண்மையான ஃபைனல்’ என்று அனுப்பிக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு எச்சரிக்கை மட்டும். கிட் கோப்புகளை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப், 100 எம்பியைத் தாண்டிய கோப்பை ஏற்காது, அதற்குப் பெரிய கோப்புகளுக்கான கிட் எல்எஃப்எஸ் தேவை. ஒரே சீனை, அதாவது கேமின் ஒரு காட்சிக்கான கோப்பை, இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் இணைக்கும்போது யாராவது ஒருவரின் வேலை போகும் வாய்ப்பு அதிகம். யார் கையில் எந்த சீன் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பிறரிடம் ஆடக் கொடுப்பதில் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று, “அண்ணே, அங்க இல்ல, வலது பக்கம் தட்டுங்க” என்பார்கள். வாயைத் திறந்த நொடியே அந்தச் சோதனை வீண். மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கும் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். அவர் எங்கே முழிக்கிறார் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

கூகுள் பிளேயில் வெளியிட நினைப்பவர்கள் இந்த வேலையைத் தள்ளிப்போடவே முடியாது. புதிய தனிநபர் கணக்கு என்றால் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் ஆடிப் பார்ப்பது) இருந்த பிறகுதான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்படைக்கும் வாரத்தில் இதைப் படித்துத் தலையில் கை வைப்பவர்கள் பலர். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்கு 100 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். இட்ச் டாட் ஐஓ தளத்தில் வெளியிடக் கட்டணமில்லை. மாணவர்களுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

இசைக்குப் படப் பாட்டைப் போடாதீர்கள். உங்கள் ஊரில் உறுமி மேளக் குழு இல்லாமலா போய்விடும்? அனுமதி கேட்டு, எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைச் சொல்லி, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பதிவு செய்யுங்கள்.

வகுப்பில் படைத்துக் காட்டும் நாளுக்கு முன் கேமை எஞ்சின் நிறுவப்படாத வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். வகுப்பறைக் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டே இல்லாமல் இருக்கலாம். ஆடிக் காட்டும் காணொளி ஒன்றைப் பதிவு செய்து பென்டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள்.