டவுன்ஸ்வில்லில் நன்றாகச் சாப்பிட: கொடுவா, பச்சை இறால், ஸ்காலப், போவன் மாம்பழம்

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் மீன்கடைப் பலகையில் ‘பாரமண்டி’ என்று எழுதியிருப்பது நம் கொடுவாதான். ‘ஸ்பானிஷ் மேக்கரல்’ என்றால் வஞ்சிரம், இலங்கையில் அறக்குளா. ஏதோ ஒத்த சாயல் மீன்கள் அல்ல, அதே இனங்கள். இந்த இரண்டு பெயரும் தெரியாமல், வடக்குக் குயின்ஸ்லாந்துக்கு வந்து மாதக்கணக்கில் சூப்பர்மார்க்கெட்டின் உறைந்த மீனையே வாங்கிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. கடலும் கரும்புக்காடும் வீட்டுக்கு வீடு மாமரமும் உள்ள ஊர் இது. பெரிய உணவகம் தேடி அலைய வேண்டாம். மீன்கடை, பேக்கரி, தெருமுனை டேக்அவே என்ற மூன்று இடங்களில் எப்போது போவது, என்ன கேட்பது என்று தெரிந்தால் போதும்.

நேரத்தை முதலில் சொல்லிவிடலாம். வெயில் ஊர் என்பதால் எல்லாம் விடியலில் தொடங்கி சீக்கிரம் அடங்கிவிடும். பேக்கரிகள் பலவும் காலை 5, 6 மணிக்கே திறந்திருக்கும். காபிக் கடைகள் மதியம் 2, 3 மணிக்குள் நாற்காலியைக் கவிழ்த்துவிடும். பப், கிளப் சமையலறைகளில் மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரை, இரவுச் சாப்பாடு பெரும்பாலும் 6 முதல் 8 அல்லது 8.30 வரை. ஒன்பது மணிக்குப் பசியோடு போனால் பீர் கிடைக்கும், சோறு கிடைக்காது. ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களில் பில்லில் 10 முதல் 15 சதவீதம் கூட்டும் இடங்கள் உண்டு. மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், உட்காரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன்கடையில்

பனிக்கட்டி போட்ட எஸ்கி பெட்டி இல்லாமல் மீன் வாங்கப் போகாதீர்கள். வெயில் காலத்தில் இங்கே 31, 32 டிகிரி சாதாரணம். நிறுத்தி வைத்த காருக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம். நல்ல மீனைக் கெடுப்பது பெரும்பாலும் கடை அல்ல, கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் போகும் அந்த அரைமணி நேரம்தான்.

பாரமண்டி வாங்கும்போது இரண்டு கேள்வி: எந்த நாட்டுது? ஆற்று முகத்தில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா? ஆசியப் பண்ணைகளிலிருந்து உறைந்து வருவதும் ஆஸ்திரேலியாவில் ஏராளமாக விற்கிறது. மீன்கடையில் எந்த நாட்டுச் சரக்கு என்று எழுதி வைப்பது கட்டாயம், அதனால் பலகையைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். குயின்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் நவம்பர் 1 நண்பகல் முதல் பிப்ரவரி 1 நண்பகல் வரை பாரமண்டி பிடிக்கத் தடை. அந்த மூன்று மாதத்தில் அந்தக் கரையில் பிடித்த மீன் என்று வைத்திருந்தால் அது முன்பே பிடித்து உறையவைத்தது. அதில் தவறில்லை, ஆனால் மறுபடி உறையவைக்காமல் அன்றே சமைத்துவிட வேண்டும். நன்னீர்க் குட்டையில் வளர்ந்த மீனில் சிலசமயம் சேற்று வாடை அடிக்கும். புளி சேர்ந்தால் அது அடங்கும். ஆகவே வாடை இருக்கும் மீனைக் குழம்புக்கு வையுங்கள், வறுக்க எடுக்காதீர்கள்.

துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தலையும் ‘ஃபிரேம்’ எனப்படும் நடுமுள்ளும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ‘பாரா விங்ஸ்’ என்றால் செவுளுக்குப் பின்னால் துடுப்போடு சேர்ந்த கொழுத்த பகுதி. வறுக்க அதைவிடச் சுவையான துண்டு இந்த மீனில் கிடையாது.

தோலோடு உள்ள துண்டை வறுக்க: ஆளுக்கு 180 முதல் 200 கிராம், இரண்டரை சென்டிமீட்டர் கனம். தாளால் தோலை நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் தோல் வேகும், மொறுமொறுக்காது; சட்டியிலும் ஒட்டிக்கொள்ளும். உப்பை வறுக்கும் சற்று முன்புதான் போட வேண்டும். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் தோல் கீழே இருக்கும்படி வைத்து, முதல் அரை நிமிடம் கரண்டியால் அழுத்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் ஓரம் சுருண்டுவிடும். 4 முதல் 5 நிமிடம் தொடவே வேண்டாம். திருப்பிப் போட்டு ஒன்றரை நிமிடம். அவ்வளவுதான்.

வஞ்சிரத்தில் ஓர் எச்சரிக்கை. பவளப்பாறைக் கடலின் பெரிய மீன்களில் சிகுவாட்டெரா என்ற நஞ்சு சேரலாம். அதற்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை, எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. வயிற்றுப்போக்கில் தொடங்கி, உதடும் விரலும் மரத்துப்போய், குளிர்ந்ததைத் தொட்டால் சுடுவதுபோல் இருக்கும். மீன் பெரிதாக ஆக ஆபத்தும் கூடும். எனவே சிறிய மீனிலிருந்து வெட்டிய துண்டைக் கேளுங்கள், தலை, ஈரல், முட்டை வேண்டாம். நண்பர் தூண்டிலில் பிடித்துத் தரும் பத்துப் பன்னிரண்டு கிலோ மீனை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், மறுத்துவிடுவது நல்லது.

இங்கே பிடித்த சேற்று நண்டு எல்லாம் ஆணாகவே இருக்கும், குயின்ஸ்லாந்தில் பெண் நண்டு பிடிக்கக் கூடாது. அடியோட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். நெகிழ்ந்தால் சமீபத்தில் ஓடு மாற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான் அதிகம்.

பச்சை இறால்

‘கிரீன் பிரான்ஸ்’ என்று பலகையில் இருந்தால் நிறத்தைத் தேடாதீர்கள். வேகவைக்காதது என்றுதான் பொருள், பச்சை முட்டை, பச்சைப் பால் என்று நாம் சொல்கிற அதே பச்சை. அதன் பக்கத்திலேயே ‘குக்டு’ என்று செந்நிறத்தில் இருப்பது வேகவைத்தது; உரித்து அப்படியே தின்னலாம். குழம்புக்கும் தொக்குக்கும் பச்சைதான். வெந்ததை மறுபடி கொதிக்கவிட்டால் ரப்பராகிவிடும். வீட்டுக்கு வந்த பிறகு தெரிய வரும் மிகப் பொதுவான தவறு இது.

ஒரு கிலோ முழு இறாலை உரித்தால் ஏறக்குறைய அரைக் கிலோ சதை நிற்கும். கணக்கை அதை வைத்தே போடுங்கள். தலை உடலோடு இறுக்கமாக இருக்க வேண்டும், கழுத்து கறுத்திருக்கக் கூடாது, மூக்கில் அம்மோனியா நெடி ஏறக் கூடாது.

வீட்டிலேயே வேகவைப்பதானால் கடல்நீர் அளவு உப்பு, லிட்டருக்கு 35 கிராம். ஒரு கிலோ இறாலுக்கு 3 லிட்டர் தண்ணீர், சுமார் 100 கிராம் உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது இறாலைப் போடுங்கள். மறுபடி கொதி வந்ததிலிருந்து நடுத்தர இறாலுக்கு 2 முதல் 3 நிமிடம். எல்லாம் மேலே மிதந்து நிறம் மாறியதும் ஒன்றை உரித்துப் பாருங்கள். சதை கண்ணாடி போலில்லாமல் வெண்மையாகியிருந்தால் உடனே இறக்கி, உப்பும் பனிக்கட்டியும் போட்ட தண்ணீரில் கொட்டுங்கள். வெறும் தண்ணீரில் ஆறவைத்தால் ருசி கரைந்துபோகும், ஆறவைக்காமல் விட்டால் தன் சூட்டிலேயே மேலும் வெந்து ஓடு சதையோடு ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் வடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஊறவிட்டால் சதை தண்ணீர் கோத்துக்கொள்ளும். வெண்ணெய் தடவிய வெள்ளை பிரெட், எலுமிச்சை, மிளகுத்தூள் இருந்தால் போதும், இந்த ஊரின் கிறிஸ்துமஸ் சாப்பாடு தயார்.

உரித்த ஓட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதீர்கள். இந்தச் சூட்டில் மறுநாளே தெரு முழுக்க நாறும். பையில் கட்டி ஃபிரீசரில் வைத்து, குப்பை வண்டி வரும் நாளுக்கு முந்தின இரவு எடுத்து வெளியே வைப்பதுதான் இங்குள்ள வழக்கம்.

டேக்அவே கடையில்

‘ஸ்காலப்’ என்று பலகையில் 2 டாலருக்குள் இருந்தால் அது சிப்பி அல்ல. உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டி மாவில் தோய்த்துப் பொரித்தது, நம் பஜ்ஜியின் ஒன்றுவிட்ட தம்பி. குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் இந்தப் பெயர், விக்டோரியாவில் ‘பொட்டேட்டோ கேக்’. கடல்சிப்பி வேண்டுமானால் ‘சீ ஸ்காலப்’ என்று கேட்க வேண்டும்.

சைவர்கள் ஆர்டர் கொடுக்கும் முன் எண்ணெயைக் கேளுங்கள். சில கடைகள் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கின்றன. தாவர எண்ணெய் என்றாலும் மீனும் அதே சட்டியில்தான் போயிருக்கும். சிப்ஸ் மேல் தூவும் ‘சிக்கன் சால்ட்’ தெற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தது. பல தயாரிப்புகளில் கோழியே கிடையாது, சிலவற்றில் உண்டு. சந்தேகம் இருந்தால் ‘பிளெய்ன் சால்ட்’ என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்காலப்பை வீட்டிலேயே செய்வது எளிது. ஊரில் கிடைக்கும் செபாகோ கிழங்கு 600 கிராம், தோல் சீவி, 6 மில்லிமீட்டர் வில்லைகளாக. உப்புத் தண்ணீரில் 3 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, துணியில் பரப்பி முழுக்க உலரவிடுங்கள். 150 கிராம் செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்த மைதா), அரைத் தேக்கரண்டி உப்பு, ஜில்லென்ற சோடா 200 மி.லி. சோடாவை ஊற்றி நாலு கலக்குக் கலக்குங்கள், கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். அடித்துக் கலக்கினால் மேலோடு சவ்வாகிவிடும். ஒவ்வொரு வில்லையையும் முதலில் வறண்ட மாவில் புரட்டி, பிறகு கரைசலில் தோயுங்கள். இந்த வறண்ட மாவைத் தவிர்த்தால் பொரிந்த உறை கிழங்கைவிட்டுத் தனியே கழன்று வரும். 180 டிகிரி எண்ணெயில் நாலைந்தாக, திருப்பித் திருப்பி 4 முதல் 5 நிமிடம். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு சொட்டுக் கரைசல் விடுங்கள். உடனே மேலே எழும்பி நுரைத்தால் சரி, அடியில் தங்கினால் எண்ணெய் குடிக்கும். காகிதத்தில் போடாமல் கம்பித் தட்டில் ஆறவிடுங்கள், காகிதத்தில் அடிப்பக்கம் நமுத்துப்போகும். நமுத்துப்போவதைப் பற்றிச் சொல்லும்போதே: கடையில் தாளில் சுற்றித் தரும் மீனும் சிப்ஸும் ஸ்ட்ராண்ட் கடற்கரைக்குப் போவதற்குள் குழையாதிருக்க, கையில் வாங்கியதுமே பொட்டலத்தின் மேல்தாளில் ஒரு விரலளவு கிழித்து ஆவியைப் போகவிட வேண்டும்.

‘பர்கர் வித் த லாட்’ என்றால் மாட்டிறைச்சி, பன்றி பேக்கன், முட்டை, சீஸ், வதக்கிய வெங்காயம், தக்காளி, கீரை, அதோடு டின் பீட்ரூட்டும் அன்னாசி வளையமும். சிக்கன் பர்மியிலும் (பிரெட் தூளில் புரட்டிப் பொரித்து, தக்காளி சாஸும் சீஸும் போட்ட கோழி) கோழியின் மேல் பெரும்பாலும் பன்றி ஹாம் இருக்கும். வேண்டாதவர்கள் ‘நோ ஹாம்’ என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பேக்கரியும் பானமும்

மீட் பை (இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம்) காலையில் வாங்க வேண்டியது. சூடுகாட்டும் அலமாரியில் மதியம் வரை உட்கார்ந்த பையின் அடி உலர்ந்து உடையும். பை என்று விற்க 100 கிராமுக்குக் குறைந்தது 25 கிராம் இறைச்சி இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல பேக்கரி அதற்கு மேலேயே போடும். முள்கரண்டி தேவையில்லை. காகித உறையைப் பாதிவரை கீழே மடித்து, மூடியின் ஓரத்தை மட்டும் முதலில் கடித்து ஆவியை விடுங்கள். நடுவில் கடித்தால் கொதிக்கும் குழம்பு நேராக நாக்குக்கு வரும். சாஸ் இரட்டைக் குமிழ் உள்ள சின்னப் பொதியில் வரும். பிளவை பையின் பக்கம் திருப்பி, இரண்டு குமிழும் முதுகோடு முதுகு சேர மெதுவாக மடக்குங்கள். சைவத்துக்கு வெஜிடபிள் பேஸ்டி, பசலைக்கீரை-ரிக்கோட்டா ரோல் இருக்கும்.

காபியில் நம் டிகிரி காபிக்குக் கிட்டத்தட்ட வருவது ‘ஸ்ட்ராங் ஃபிளாட் வொயிட்’. குளிர்ந்தது வேண்டுமானால் ‘ஐஸ்டு லாட்டே’ என்று கேளுங்கள். ‘ஐஸ்டு காபி’ என்றால் பல கடைகளில் ஐஸ்கிரீமும் கிரீமும் மலையாக வரும். பீர் அளவுகள்: பாட் 285 மி.லி., ஸ்கூனர் 425, பைன்ட் 570. சூப்பர்மார்க்கெட்டில் மது விற்பதில்லை, ‘பாட்டில்ஷாப்’ தனி. பண்டபெர்க் இஞ்சி பீரில் மது இல்லை. இஞ்சித் துணுக்கு அடியில் தங்கியிருக்கும், திறக்கும் முன் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் பொங்கிவிடும்.

மாம்பழம்

டவுன்ஸ்வில்லுக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் உள்ள போவனின் பெயரில் விற்கும் மாம்பழம்தான் கென்சிங்டன் பிரைட். இந்தியாவுக்குக் குதிரை ஏற்றிப்போன வணிகர்கள் வழியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்ததாகச் சொல்லப்படுகிறது. நவம்பர், டிசம்பரில் சாலையோரப் பலகைகளில் தட்டாக வாங்குங்கள், ஒரு தட்டு சுமார் 7 கிலோ. ஆள் இல்லாமல் காசுப்பெட்டி மட்டும் இருக்கும் கடைகளும் உண்டு, சில்லறையோடு போங்கள். காயாக இருப்பதை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் பழுக்காது, தோல் கறுத்து உள்ளே சாம்பல் பாயும். வெளியே ஒரே அடுக்காகப் பரப்பி, காம்படியில் மணம் வந்த பிறகே ஃபிரிட்ஜ். காம்பு ஒடிக்கும்போது வடியும் பால் தோலைப் புண்ணாக்கும். காம்பைக் கீழ்நோக்கிப் பிடித்து வடியவிட்டுக் கழுவுங்கள். ஊறுகாய்க்குக் காய் கடையில் அரிதாகவே கிடைக்கும், ஆனால் பக்கத்து வீட்டு மரத்தில் வௌவால் தின்று கொட்டும் அளவுக்குக் காய்க்கும். அக்டோபரிலேயே போய்க் கேட்டுவையுங்கள். பெரும்பாலும் ஏணியையும் சேர்த்தே கொடுப்பார்கள்.