குமித்தே பழகும்போது முதலில் தூரத்தைப் பிடியுங்கள்

கராத்தேயில் ஜோடி சேர்ந்து குமித்தே (எதிராளியோடு மோதிப் பழகுவது) ஆட ஆரம்பித்ததும் எல்லோரும் கேட்பது, "எந்தக் குத்து விட்டால் படும்?" என்றுதான். குத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். எதிரில் இருப்பவர் ஒரு எட்டு எடுத்து வைக்காமல் அவர் கை உங்கள் மேல் படக் கூடாது, அவ்வளவு தள்ளி நில்லுங்கள்.

இதைப் பழக இப்போன் குமித்தேதான் சரியான இடம். ஒருவர் முகமா வயிறா என்று சொல்லிவிட்டே குத்துவார், மற்றவர் விலகித் தடுத்து உடனே திருப்பிக் குத்துவார். இங்கே பலர் மரியாதை என்று நினைத்துக்கொண்டு பக்கவாட்டில் காற்றில் குத்துகிறார்கள், அல்லது ஒரு சாண் முன்னாலேயே கையை நிறுத்திவிடுகிறார்கள், அப்படிக் குத்தினால் தடுப்பவர் விலகாமல் நின்றாலும் ஒன்றும் ஆகாது, பிறகு அவர் எதைக் கற்றுக்கொள்வார்? குறி நேராக இருக்கட்டும், வேகத்தை மட்டும் குறையுங்கள்.

சுதந்திரமாக ஆடும் ஜியூ குமித்தேக்கு வந்ததும் பாதி வேகம் என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள். ஒரு குத்து வாங்கியதும் ரோஷத்தில் வேகம் ஏறும், அது எல்லோருக்கும் வருவதுதான். அப்போது நிறுத்தி, வணங்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கண் எதிராளியின் கையில் வேண்டாம், நெஞ்சுப் பக்கம் இருக்கட்டும், தோள் அசைவது அங்கிருந்தே தெரியும். குத்திவிட்டு அங்கேயே நிற்காதீர்கள், சாய்வாக விலகிக் கையைக் காப்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். மூச்சை அடக்காதீர்கள்.

வேறு டோஜோவில் (கராத்தே பயிற்சிக் கூடத்தில்) ஆடப் போனால் விதியைக் கேட்டுவிட்டுப் போங்கள், ஏனென்றால் விதி மாறினால் தூரமும் மாறும். உலக கராத்தே சம்மேளன முறையில் கைக்குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைக்கு 2, தலையில் உதைக்கு 3, பலமாகப் பட்டால் தண்டனை, அதனால் தள்ளி நின்று சட்டென்று உள்ளே பாய்வார்கள். கியோகுஷின் என்ற கராத்தே பிரிவின் முறையில் முகத்தில் கையால் குத்தக் கூடாது, உடம்பில் முழு பலத்தோடு அடிக்கலாம், அதனால் நெருங்கி நின்றே மோதுவார்கள்.

கையுறை, பல் காப்பு, கால் காப்பு, ஆண்களுக்கு அடிவயிற்றுக் காப்பு, இதெல்லாம் சொல்லவே வேண்டாம். நகத்தை வெட்டுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள். தலையில் பட்டுக் கிறுகிறுத்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, ஆசிரியரிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள், குமட்டலோ தடுமாற்றமோ இருந்தால் நேராக மருத்துவரிடம் போங்கள்.