ஒரே நடையில் தூக்கிப்போகும் தாள செட்: சேர்ப்பது, கட்டுவது, மேடையில் வைப்பது

கல்யாண வரவேற்பு, சர்ச் விழா, கஃபேயில் இரண்டு மூன்று பேர் பாடும் மாலை நேரம் என்று சின்ன மேடைகள் இப்போது நிறைய வருகின்றன. முழு டிரம் செட்டுக்கு அங்கே இடம் இருக்காது. மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டியான கஹோனை நடுவில் வைத்து ஒரு சின்ன செட் சேர்த்துக்கொண்டால், ஆட்டோவிலோ பஸ்ஸிலோ தனியாகவே போய் வாசித்துவிட்டு வரலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, பொருள் சேர்ப்பதிலிருந்து வீடு திரும்புவது வரை சொல்கிறேன்.

முதலில் ஒரு விதி. வண்டியிலிருந்து மேடைவரை எல்லாவற்றையும் ஒரே நடையில் தூக்கிப்போக முடிய வேண்டும். இரண்டு நடை ஆகிவிட்டால் ஏதோ ஒரு பை மண்டப வாசலில் ஆள் இல்லாமல் கிடக்கும், உங்கள் கவனமும் அங்கேதான் இருக்கும். முதுகில் ஒன்று, தோளில் ஒன்று, கையில் ஒன்று. புதிதாக ஒன்று வாங்க ஆசை வந்தால் எதை எடுத்துவிட்டு அதைச் சேர்ப்பது என்று யோசியுங்கள்.

படி 1: எதெல்லாம் வேண்டும்

கஹோன் பெரு நாட்டில் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களிடம் பிறந்த வாத்தியம். கிட்டார் மேதை பாக்கோ டி லூசியா 1970களின் பிற்பகுதியில் அதை ஃபிளமெங்கோ இசைக்குள் கொண்டுவந்தார். அதன்பிறகு உலகமெங்கும் பரவியது. தட்டும் பலகையின் நடுப்பகுதிக்கு மேலே உள்ளங்கையால் அடித்தால் கிக் (டிரம் செட்டின் பெரிய டிரம் மாதிரி கனமான சத்தம்), மேல் விளிம்பில் விரல்களால் அடித்தால் ஸ்னேர் (கம்பி அதிரும் சுள்ளென்ற சத்தம்). உட்கார ஸ்டூலும் அதுவே. சின்ன மேடைக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் எனக்குத் தெரியவில்லை.

இதோடு காலில் மாட்டும் தம்பூரின், 10 இஞ்ச் ஸ்பிளாஷ் சிம்பல் (சின்ன உலோகத் தட்டு), அதற்கு எடை குறைந்த ஒற்றை ஸ்டாண்ட், ஒரு ஷேக்கர், ஒரு ஜோடி ராட்ஸ் (மெல்லிய குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய அடிகோல்). ஆரம்பத்துக்கு இது தாராளம்.

சினிமாப் பாட்டு வாசிப்பீர்கள் என்றால் ரிதம் பேட் (தட்டினால் பதிவுசெய்த வாத்தியச் சத்தம் தரும் மின்னணுப் பலகை) தேவைப்படும். தவில், உடுக்கை, டோலக் சத்தமெல்லாம் கஹோனில் வராது. ஆனால் முதல் சில நிகழ்ச்சிகளைப் பேட் இல்லாமல் வாசித்துப் பழகுங்கள். கையில் தாளம் நிற்க வேண்டும். பட்டன் தேடுவது அப்புறம்.

படி 2: தரைவிரிப்பில் வரைபடம்

செட்டிலேயே முக்கியமான பொருள் எது என்று கேட்டால் தரைவிரிப்பு என்பேன். சுமார் 4 அடிக்கு 4 அடி, அடியில் ரப்பர் ஒட்டியது வாங்குங்கள். மண்டப மேடைகளில் வழவழப்பான கார்பெட்டோ டைல்ஸோ இருக்கும். அடிக்க அடிக்க ஸ்டாண்ட் நகர்ந்து போகும். விரிப்பு அதைப் பிடித்து வைக்கும்.

வீட்டில் விரிப்பைப் போட்டு நடுவில் கஹோனை வைத்து உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, முழங்கையை நீட்டாமல் வலது கையைப் பக்கவாட்டில் தூக்குங்கள். கை போய் நிற்கும் இடத்தில்தான் சிம்பலின் விளிம்பு இருக்க வேண்டும். பேடுக்கு இடது பக்கம், முட்டிக்குச் சற்று மேலே, உங்களைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்த மாதிரி. ஷேக்கருக்கும் ராட்ஸுக்கும் ஒரு சின்னத் துணிப்பையை ஸ்டாண்டிலேயே தொங்கவிடுங்கள். தரையில் வைத்தால் இருட்டில் மிதிபடும்.

ஒரு முழுப் பாட்டு வாசித்துப் பாருங்கள். தோள் உயர்ந்தாலோ இடுப்பு திரும்பினாலோ இடத்தை மாற்றுங்கள். சரி என்று பட்டதும் கஹோனின் நான்கு மூலைகளையும், ஸ்டாண்ட் கால்கள் ஊன்றிய இடங்களையும் கலர் டேப் ஒட்டிக் குறியுங்கள். கஹோனுக்கு ஒரு கலர், ஸ்டாண்டுக்கு வேறு கலர். ஸ்டாண்டின் குழாயிலும் எந்த உயரத்தில் திருகு இறுக்கினீர்களோ அங்கே ஒரு கோடு. இனி எந்த ஊர் மேடையிலும் விரிப்பைப் போட்டால் உங்கள் வீட்டு அறையில் இருந்த அதே தூரம், அதே உயரம் கிடைக்கும். கை தேடாமல் போய்ச் சேரும்.

படி 3: கட்டுவது

கஹோனுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த, முதுகில் மாட்டும் பை வாங்குங்கள். முன்பலகை மெல்லிய ப்ளைவுட். அது உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி உள்ளே வையுங்கள். கூட்டத்தில் இடிபட்டாலும் பின்பலகைதான் வாங்கும். அந்தப் பக்கத்துப் பாக்கெட்டில் இரும்புப் பொருள் எதையும் வைக்காதீர்கள். கஹோனின் ஓட்டை வழியாகச் சாமானைத் திணிக்கும் பழக்கமும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்னேர் கம்பி வளைந்தால் ஒவ்வொரு அடிக்கும் கரகரக்கும்.

சிம்பலைப் பழைய துண்டில் சுற்றிப் பேடோடு ஒரே பையில் வைக்கலாம், நடுவில் ஒரு அட்டை இருந்தால் போதும். ஸ்டாண்ட், விரிப்பு, தம்பூரின் மூன்றும் தோள் பையில்.

கேபிளை முழங்கையில் இறுக்கிச் சுற்றாதீர்கள். உள்ளே செம்புக் கம்பி முறுகி, ஒருநாள் பாட்டு நடுவில் சத்தம் விட்டு விட்டு வரும். ஒரு சுற்று நேராக, அடுத்த சுற்று உள்பக்கம் திருப்பி என்று மாற்றி மாற்றிப் பெரிய வளையமாகச் சுற்றி, ஒட்டும் பட்டை போட்டு வையுங்கள். அப்படிச் சுற்றிய கேபிளின் ஒரு முனையைப் பிடித்து வீசினால் சிக்கில்லாமல் விரியும்.

இன்னும் ஒரு சின்னப் பை, பேட் பையோடு சேர்த்து ஒரே கையில். பேடின் அடாப்டர், கால் இஞ்ச் ஜாக் கேபிள் இரண்டு, டிஐ பாக்ஸ் (பேடின் சத்தத்தை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி), ஜங்ஷன் பாக்ஸ், ஸ்குரூடிரைவர், டிரம் சாவி, உபரி விங் நட், இன்சுலேஷன் டேப், குட்டி டார்ச், பாட்டு வரிசை எழுதிய தாள். அடாப்டர் இல்லாத பேட் வெறும் ரப்பர் பலகைதான். அதனால் அடாப்டரை வீட்டுச் சுவரில் செருகும் வழக்கமே வேண்டாம். பயிற்சிக்கு முடிந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: வழியில்

பைக்கில் போவதென்றால் கஹோன் முதுகில், கனமான பை முன்னால். அகலமாகக் குறுக்கே கட்டிக்கொண்டு போனால் பக்கத்தில் வருகிறவருக்கும் ஆபத்து. ஆம்னி பஸ்ஸில் ஸ்டாண்ட் பை டிக்கிக்குப் போகட்டும். பேடையும் சிம்பலையும் மடியோடு வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒருவருக்கு 40 கிலோவரை இலவசம், இந்த செட் அதில் பாதிகூட வராது. விமானம் என்றால் உள்நாட்டில் பெரும்பாலும் கையில் 7 கிலோ, கீழே 15 கிலோ என்ற கணக்கு. கிளம்பும் முன் வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள்.

வெயிலில் பூட்டிய காருக்குள் கஹோனை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஒட்டு விட்டுவிடும். பாங்கோ மாதிரித் தோல் வாத்தியம் சேர்த்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: வறண்ட ஏசி ஹாலில் தோல் இறுகிச் சுருதி ஏறும், கடற்கரை மேடையில் ஈரக்காற்றுக்குத் தொய்யும். மேடைக்கு வந்து அரை மணி கழித்து டியூன் செய்யுங்கள்.

படி 5: மேடையில்

வந்ததும் விரிப்பு. அதன்மேல் கஹோன், ஸ்டாண்ட், கடைசியில் சிம்பல், பேட். பழகிவிட்டால் பத்து நிமிட வேலை.

மைக் செட்காரரிடம் முதலிலேயே போய் வணக்கம் சொல்லி, "அண்ணே, கஹோனுக்கு ஒரு மைக், பேடுக்கு ஒரு லைன்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாடகருக்கு வைக்கும் சாதாரண டைனமிக் மைக்கே கஹோனுக்கும் போதும். பின்பக்க ஓட்டைக்கு மூன்று நான்கு இஞ்ச் தள்ளி, நேர் நடுவைப் பார்க்காமல் சற்றே ஓரமாகத் திருப்பி வையுங்கள். ஓட்டைக்குள் நுழைத்தால் 'பூம்' என்று குழம்பும், பாஸ் கிட்டாரோடு மோதும். இரண்டாவது மைக் கிடைத்தால் முன்பலகையின் மேல் மூலைக்கு. முன்னும் பின்னும் மைக் வைத்து கிக் சத்தம் திடீரென மெலிந்துவிட்டால், மிக்ஸரில் ஒரு சேனலின் ஃபேஸ் பட்டனை (சத்த அலையைத் தலைகீழாக்கும் பட்டன்) மாற்றச் சொல்லுங்கள். கனம் திரும்பி வரும்.

பேடிலிருந்து ஒரே கேபிள்தான் போகிறது என்றால் எல்/மோனோ என்று எழுதிய ஓட்டையில் செருகுங்கள். அங்கிருந்து டிஐ பாக்ஸ், அதிலிருந்து கேனான் கேபிளில் (மைக்குக்குப் போடும் மூன்று முள் கேபிள்) மிக்ஸர். பேடை ஆன் செய்த பிறகே சேனலைத் திறக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'டப்' என்ற சத்தம் ஸ்பீக்கரையே பதம் பார்க்கும்.

கோவில் திருவிழாவிலும் திறந்தவெளிக் கல்யாணத்திலும் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் ஒரு நொடியில் பேட் அணைந்து மறுபடி முதல் கிட்டில் (பேடில் சேமித்த சத்தத் தொகுப்பு) போய் நிற்கலாம். அதற்குத்தான் பாட்டு வரிசைத் தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே கிட் எண் எழுதிவைப்பது. பேட் எழுந்திருக்கும்வரை கஹோனில் தாளத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பாடுகிறவருக்கு அது பெரிய தைரியம்.

படி 6: இறக்குவது

கடைசிப் பாட்டு முடிந்ததும் முதலில் சேனலை மூடச் சொல்லி, அப்புறம் கேபிளைப் பிடுங்குங்கள். வைத்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் எடுங்கள், விரிப்பு கடைசி. விரிப்பைத் தூக்கும்போது மேடையில் ஒன்றும் மிச்சம் இல்லை என்றால் எல்லாம் பைக்குள் வந்துவிட்டது என்று தெரியும். ஒன்று மட்டும் விதிவிலக்கு: அடாப்டர் செருகிய பிளக் பாயின்ட் பெரும்பாலும் விரிப்புக்கு வெளியே, திரைக்குப் பின்னால் இருக்கும். டார்ச்சோடு அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த இரவே பைகளின் ஜிப்பைத் திறந்து விடுங்கள். கஹோன் பலகையிலும் சிம்பலிலும் வியர்வை படிந்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, ராட்ஸில் குச்சி முறிந்திருந்தால் மறுநாள் வாங்க வேண்டியவற்றில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.