எபேசு போகிறீர்களா? மேல் வாசலில் இறங்குங்கள்

துருக்கியில் இடிபாடுகளாக இருக்கும் பழைய நகரமான எபேசுவுக்கு ஒருநாள் சுற்றுலா பதிவு செய்யும்போது, மேல் வாசலில் இறக்கிவிட்டு, கீழ் வாசலில் ஏற்றிக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். இயேசுவின் தாய் மரியாள் வாழ்ந்ததாக நம்பப்படும் மரியாள் வீட்டையும் அதற்கு முன்பே, காலையிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

இடிபாடுகள் சரிவில் இருக்கின்றன. மேலிருந்து நடந்தால் பளிங்கு பாவிய தெரு தானாகவே செல்சஸ் நூலகத்தில் கொண்டுவிடும். அப்புறம், கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்த அப்போஸ்தலர் பவுலுக்கு எதிராக வெள்ளித் தட்டார்கள் கலகம் செய்த பெரிய அரங்கு. நிழலே இல்லாத இடத்தில் அதே ஏற்றத்தைத் திரும்ப ஏற வேண்டியதில்லை. மலைமேல் இருக்கும் மரியாள் வீட்டுக்குப் போகும் சாலை மேல் வாசல் பக்கமாகத்தான் போகிறது. அதனால் வண்டிக்கும் அலைச்சல் மிச்சம்.

கீழ் வாசலுக்கு அருகே, சற்று விலகி, மரியாள் ஆலயம் இருக்கிறது. கி.பி. 431-இல் எபேசு சங்கம், அதாவது கிறிஸ்தவ ஆயர்களின் மாநாடு, கூடிய இடம். வழிகாட்டிகள் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் கடைத்தெரு நிறுத்தத்தை வெட்டிவிட்டு இதைப் பார்க்கலாம். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சொந்த வண்டியில் போனால் இது சரிவராது: வண்டி ஒரு வாசலில், நீங்கள் இன்னொன்றில். டாக்சிதான் பிடிக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கும் வழவழப்பான பளிங்கில் இறங்குவது சிரமம். அவர்கள் கீழ் வாசலிலேயே நுழைந்து, அரங்கையும் நூலகத்தையும் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பலாம். அந்தப் பகுதி பெரும்பாலும் சமதளம்தான்.